ஒட்டின உறை

— அந்தச் செவப்பு வண்டி யாருது?

— எந்த வண்டி, ஒத்தீலியாக்கா?

— கேட்டுக்கு நேரா நின்னு உன்னை இறக்கிவிட்டுப் போச்சே, அது. கதவைச் சாத்து மொதல்ல, பனிக்காத்து உள்ள வருது.

— கோயில்ல பழக்கமானவங்க. பஸ்ஸை விட்டுட்டேன், கொண்டாந்து விட்டாங்க.

— பஸ்ஸை விட்டுட்டியாக்கும். பண்ணை பஸ் நாலு மணிக்குத்தான் டவுனைவிட்டுக் கெளம்பும். இப்ப மணி ஒண்ணரை. கெளம்பாத பஸ்ஸை எப்படிடி விடுவ? நான் சும்மா கேக்கறேன்.

— இருமல் தாங்கலக்கா. மத்தவங்க பதினாலு பேரும் கடை கடையா ஏறி எறங்கறாங்க, பெட்டி பெட்டியா சாக்லேட்டு வாங்கறாங்க. என்னால நிக்க முடியல. அதான் முன்னாடியே வந்துட்டேன்.

— ஊருக்குப் போற வாரம். வாங்காம என்ன செய்வாளுக. நீ ஒண்ணும் வாங்கலையா, உன் ரெண்டு பொண்ணுங்களுக்கு?

— இல்ல.

— மாருல வேற ஏதோ பொட்டணம் துருத்திக்கிட்டு இருக்கே. காகிதம் மாதிரி தெரியுது.

— பூசைப் புத்தகம்.

— பூசைப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு மாருக்குள்ள சொருகிக்கிட்டு வந்தவளை நான் இப்பத்தான் பாக்கறேன். என்னமோ போ. அந்த வண்டியை எனக்குத் தெரியும், மௌரா. போன வருஷம் நம்மகூட வேலை செஞ்ச கொன்சுவேலோவைக் கூட்டிட்டுப் போனதும் அதே வண்டிதான். சைலென்சர் ஓட்டைச் சத்தம் மாறவே இல்ல.

— ஜன்னல் வழியா பார்த்தியா?

— பாக்க வேற வேணுமா? ரெண்டு கண்ணாடிக் கொட்டகை தள்ளி எவ தும்மினாலும் இன்னாருன்னு சொல்லிடுவேன். எனக்குப் பாம்புச் செவி. மேஸ்திரி ஃப்ரீசன் ஐயாவே சொல்லுவாரு, ஒத்தீலியா ஒருத்தி இருந்தா எனக்கு நாய் வேண்டாம்னு.

— அது பாராட்டா அக்கா?

— பின்ன என்னவாம்? இங்க பாரு, முன்னெல்லாம் அந்த வண்டில வர்றவளுக ரோட்டு முக்குலயே இறங்கி, செருப்புல பனி அப்பிக்கிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி நடந்து வருவாளுக. உனக்கு மட்டும் கேட்டுல இறங்கற துணிச்சல் எங்கேருந்து வந்துச்சு?

— நடக்க மூச்சு வரல. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான். சரி. போனை எங்க வெச்ச? எப்பவும் கையிலயே வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருப்பியே.

— இதோ மேசைல. ரொட்டிக் கூடை பக்கத்துல. சார்ஜ் இல்ல, செத்துக் கெடக்கு.

— ம். கொஞ்சம் பயறைப் பாத்துக்கோ, அடி பிடிக்காம கிண்டு. பாய்லர் ரூம்ல துணி காயப் போட்டிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்.

— நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?

— வேண்டாம் வேண்டாம். இருமிக்கிட்டே இங்க உக்காரு.

— சீக்கிரமா வந்துட்டியே அக்கா. எங்க துணி?

— இன்னும் காயல. ஈரமா இருக்கு. பயறு அடி பிடிச்சிருச்சா?

— இல்ல. கிண்டிக்கிட்டேதான் இருந்தேன்.

— சரி, இப்ப சொல்லு. நான் யாருகிட்டயும் போய் சொல்லப்போறதில்ல. அந்த வண்டிக்காரி உன்னை எங்க கூட்டிட்டுப் போனா?

— கோயிலுக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு. அங்க க்ளேர்னு ஒரு அம்மா. நம்ம பாஷை கொஞ்சம் ஒடைச்சு ஒடைச்சுப் பேசுவாங்க. பெர்மிட்டைப் பத்தி விளக்கிச் சொன்னாங்க.

— பதினோரு வருஷமா கனடா வர்றேன். எனக்கு எவளும் விளக்க வேண்டியதில்ல.

— அப்ப உன் பெர்மிட்டை எடு, பாப்போம்.

— எதுக்கு?

— எடேன். எப்பவும் உன் தலகாணிக்கு அடில இருக்குமே.

— இந்தா. நல்லா பாத்துக்கோ. இது காகிதம், பாஸ்போர்ட்டு மாதிரி புத்தகம் இல்ல, கிழிச்சுடாத.

— பாஸ்போர்ட்டு எங்க?

— ஆபீஸ் இரும்பு பீரோவுல. பத்திரமா இருக்கட்டும்னு ஃப்ரீசன் ஐயாவே வாங்கி வெச்சிருக்காரு. உன்னோடதும் அங்கதான இருக்கு? என்னமோ புதுசா கேக்கற.

— உன் பேருக்குக் கீழ இருக்கே, இது யாரு பேரு?

— முதலாளி பேரு. பண்ணையோட பேரு.

— அதுக்குக் கீழ?

— இந்த ஊரு.

— அதுக்கும் கீழ ஒரு வரி. மேல சொன்னவரைத் தவிர வேற யாருகிட்டயும் வேலை செய்ய அனுமதி இல்லன்னு. இந்த ஒத்தப் பேருதான் அக்கா நம்ம பெர்மிட்டு. இவர் வேண்டாம்னு சொல்லிட்டா, எதிர்த்த பண்ணைல ஆளு வேணும்னு போர்டு தொங்கினாலும் நாம போய்க் கேக்க முடியாது.

— தெரிஞ்ச கதைதானே. கூப்பிட்டவருகிட்ட வேலை செய்யறோம். இதுல என்ன தப்பு?

— ஆகஸ்டு மாசம் மூணு வாரம் நாம எங்க வேலை செஞ்சோம்?

— முதலாளியோட மச்சான் கொட்டகைல. குடமிளகாய் பறிச்சோம்.

— அந்த மச்சான் பேரு இதுல எங்க இருக்கு?

— வேன்ல ஏறுங்கன்னு ஃப்ரீசன் ஐயா சொன்னாரு, ஏறினோம். பேரு இருக்கா ஊரு இருக்கான்னு கேட்டுட்டா ஏறுவாங்க?

— நாமளும் அப்படித்தான நெனச்சோம். மேஸ்திரி சொன்னா அது வேலை, அவ்வளவுதான்னு. ஆனா காகிதப்படி அந்த மூணு வாரமும் நாம பெர்மிட்டு இல்லாம வேலை செஞ்சிருக்கோம். நீ, நான், எல்லாரும்.

— சும்மா பயங்காட்டாத.

— நான் காட்டல. ஃப்ரீசன் காட்டினான். அங்க நாம உள்ள இருக்கும்போதே மருந்து அடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. கண்ணு எரிஞ்சுது. அப்புறம் சரியாப் போச்சு.

— உனக்குச் சரியாப் போச்சு. எனக்கு அன்னைக்குப் புடிச்ச இருமல். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை அவன் சொல்றான், மிளகாய்க் கொட்டகைல வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லு, சட்டத்தை மீறி அங்க போய் வேலை செஞ்சவ நீதான்னு நான் சொல்றேன், சீசன் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே விமானம்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

— அவரு அப்படியெல்லாம் பேசறவரு இல்ல.

— அவனும் நம்ம நாட்டுல, சிவாவாவுல பொறந்து வளந்தவன். நம்ம பாஷைல நமக்கே தெரியாத வசவெல்லாம் அவனுக்குத் தெரியும். உன்கிட்ட பேசமாட்டான். என்கிட்ட பேசுவான், யாரும் பக்கத்துல இல்லாதப்ப.

— யாரும் இல்லாதப்ப பேசினதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— அதைத்தான் சொல்ல வந்தேன். வேற ஒரு பெர்மிட்டு இருக்கு. யாரு பேரும் போடாத பெர்மிட்டு. முதலாளிகிட்ட கொடுமைப்பட்டவங்களுக்குத் தருவாங்க. அது கெடைச்சா ஒரு வருஷம் எங்க வேணும்னாலும் வேலை செய்யலாம். நான் மொதல்ல டாக்டரைப் பாப்பேன்.

— மனு குடுத்தா யாரு வேணும்னாலும் வாங்கிடலாமாக்கும்.

— இல்ல. சாட்சி வேணும். போட்டோ, டாக்டர் சீட்டு, கூட வேலை செஞ்சவங்க எழுதிக் குடுக்கறது, அவன் வாயால மிரட்டினதுக்கு ஏதாவது ஆதாரம். அப்புறம் நான் இந்த மண்ணுல நிக்கணும். வியாழக்கிழமை விமானம் ஏறிட்டா இந்த மனு செல்லாது. அடுத்த வருஷம் அவன் என் பேரைப் போட்டுக் கூப்பிடவும் மாட்டான். நாலு நாளுதான் அக்கா எனக்கு.

— அதனால?

— நீ எழுதிக் குடு. நாம மிளகாய்க் கொட்டகைக்குப் போனது, உள்ள இருக்கும்போது மருந்து அடிச்சது. வேற ஒண்ணும் வேண்டாம். இதோ காகிதம்.

— பூசைப் புத்தகம்.

— பொய்தான் சொன்னேன்.

— யாரு அனுப்பினா உன்னை?

— என்னது?

— சும்மா கேக்கறேன். பதினாலு பேரு இருக்காளுக. உன் ஊர்க்காரி ரெண்டு பேரு, உன் கட்டிலுக்கு மேல படுக்கறவ ஒருத்தி. எல்லாரையும் விட்டுட்டு, எல்லாரும் டவுனுக்குப் போன நேரமாப் பாத்து, என்கிட்ட வந்து கையெழுத்துக் கேக்கற. ஃப்ரீசன் ஐயா ஆழம் பாக்கச் சொன்னாரா? ஒத்தீலியா இன்னும் நம்ம பக்கந்தானான்னு?

— நான் அவன் பக்கத்துலயே நிக்கமாட்டேன்.

— போன மாசம் அவரு வேன்ல முன் சீட்டுல உக்காந்து போனியே.

— கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஏத்தினான். பாதி வழில திருப்பிக் கொண்டாந்து விட்டான். பாதி வழில என்ன சொன்னான்னுதான் இப்ப சொன்னேன் உனக்கு.

— அதுக்கு யாரு சாட்சி?

— யாரும் இல்ல. சரிக்கா, நீ என்னை நம்ப வேண்டாம். நானும் ஒண்ணு கேக்கறேன். கொன்சுவேலோ எப்படிப் போனா?

— விமானத்துலதான்.

— தக்காளி ஓடற பெல்ட்டுல விரல் மாட்டிக்கிச்சு அவளுக்கு. கிளினிக் சுவத்துல ஒட்டியிருந்த உதவி நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணா. செவப்பு வண்டில ஒரு தடவை போய்ட்டு வந்தா. ரெண்டாம் நாளு காலைல பெட்டியைக் கட்டுன்னு சொல்லிட்டான். அவ போன் பண்ணது இந்த வீட்டுல ஒருத்திக்குத்தான் தெரியும்னு எனக்கு ஊர்லருந்து சொன்னா.

— என்னைச் சொன்னாளா?

— பேரு சொல்லல. உன் பேரைச் சொல்ல வாய் வரலபோல. அவதான உன் மகளோட ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நின்னவ.

— ஃப்ரீசன் ஐயா கேட்டாரு. கொன்சுவேலோ ஒரு மாதிரி இருக்காளே, என்ன விஷயம்னு. நான் என்னன்னு சொல்றது? கைவலி, யாருக்கோ போன் பண்ணான்னு சொன்னேன். கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? நானா போய்ச் சொல்லல.

— கேட்டா சொன்ன.

— விமானம் ஏத்துவாருன்னு நான் கண்டேனா? நான் ஒத்தையா மூணு புள்ளைங்களை வளத்தவ. மறுபடி கூப்பிடற லிஸ்டுல என் பேரு வரலேன்னா எனக்கு ஊர்ல என்ன இருக்கு? பதினோரு வருஷமா ஒரு தடவைகூட என் பேரு விட்டுப்போனதில்ல. அது உழைப்பு, மௌரா. உங்களை மாதிரி ரெண்டு சீசன் வந்துட்டு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவ இல்ல நான்.

— உழைப்புதான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ஒவ்வொரு வருஷமும் ஊருக்குப் போறப்ப ஃப்ரீசன் ஐயா நம்மளைப் பத்தி உறைல எழுதிக் குடுக்கறாரே. நல்லா எழுதாமலா ஊர்ல ஆபீஸ்ல மறுபடியும் சேத்துக்கறாங்க?

— உறையைப் பிரிச்சுப் பாத்திருக்கியா?

— பைத்தியமா உனக்கு? ஒட்டினபடியே கொண்டுபோய்க் குடுக்கணும். ஒட்டுப் பிரிஞ்சா தடை. மொத வருஷமே சொன்னாங்க. நான் அதை ரவிக்கைக்குள்ள வெச்சு, வேர்வை படக்கூடாதுன்னு துணி சுத்திக் கொண்டுபோவேன்.

— இது என்னோடது. நேத்து எல்லாருக்கும் குடுத்தப்ப எனக்கும் குடுத்தான். பாரு.

— ஏ புள்ள. பிரிச்சுட்டியா நீ?

— க்ளேர் அம்மா முன்னாடி பிரிச்சேன். படி. ஃப்ரீசன் கையெழுத்துதான், நம்ம பாஷைலதான் எழுதியிருக்கான்.

— "வேலைக்கு மந்தம். கேள்வி அதிகம். உடம்பைச் சாக்குச் சொல்கிறார். மீண்டும் வேண்டாம்." ம்.

— மந்தமா நான்? தக்காளி பறிக்கறதுல உனக்கு அடுத்தது நான்தான்.

— அது நெசந்தான். கேள்வி அதிகம்ங்கறதும் நெசந்தான். நான் அப்பவே சொன்னேன், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருன்னு. சும்மா இருந்திருந்தா என்னோடது மாதிரி உன்னோடதும் இருந்திருக்கும்.

— உன்னோடதுல என்ன இருக்கு?

— என்ன இருக்கும்? கடுமையான உழைப்பாளி, நேரத்துக்கு வருவா, குடிக்கமாட்டா, சண்டை போடமாட்டா.

— எனக்கு ஒண்ணு தோணுது அக்கா. சொன்னா கோவிச்சுக்கக்கூடாது.

— சொல்லு, சொல்லு. இன்னைக்கு நீ பேசற நாளு.

— அந்த உறையை அங்க யாரு பிரிக்கறாங்க?

— ஊர்ல, த்லஸ்காலா வேலைவாய்ப்பு ஆபீஸ்ல. எங்க தெரு எடெல்மிராதான் அந்த மேசைல உக்காந்திருக்கா. அவளே வாங்கி, அவளே பிரிச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்துவா. ஏன்?

— போன தடவை குடுத்தப்ப என்ன சொன்னா?

— அவ என்ன சொல்லுவா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அவ மட்டுமில்ல, ஊரே அப்படித்தான். எங்க ஊர்த் திருவிழாவுக்கு நான் காசு குடுத்தேன், சமைக்கக் கூப்பிடல. மாவு மில்லுல நான் வரிசைல நின்னா பேச்சு நின்னு போகுது. கனடா காசுல மாடி கட்டிட்டாள்னு பொறாமை. வயித்தெரிச்சல்.

— உங்க ஊர்ல மாடி கட்டினவங்க வேற யாரும் இல்லையா?

— இருக்காங்க. ஏன் இல்ல.

— அவங்க வரிசைல நின்னா பேச்சு நிக்குதா?

— நீ என்னடி சொல்ல வர்ற?

— எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. சத்தியமா. உன் உறைல என்ன இருக்குன்னு நான் பாத்ததில்ல. நீ சொல்ற மாதிரியே நல்லதாத்தான் இருக்கும்.

— நல்லதாத்தான் இருக்கு. என்ன, நம்ப மாட்டியா? உன் மூஞ்சியே சொல்லுது, நம்பலேன்னு. எடுத்துட்டு வரேன். ஒட்டு கிழியாது, கெட்டில் ஆவில காட்டினா அழகா பிரியும், மறுபடி ஒட்டிக்கலாம். கொன்சுவேலோவுக்கும் உனக்கும் நான் என்னமோ குழி வெட்டினவ மாதிரி பேசற. பாரு, பதினோரு வருஷம் நான் எப்படி வேலை செஞ்சேன்னு நீயே பாரு.

— நிதானமா அக்கா. கையைச் சுட்டுக்காத.

— பிரிஞ்சிருச்சு. இந்தா, நீ படி. எனக்குக் கண்ணாடில ஆவி படிஞ்சு மூடிக்கிச்சு.

— "ஒத்தீலியா. பதினோராவது சீசன். வேகம் குறைந்துவிட்டது, வயதும் ஆகிறது. இருந்தாலும் அவசியம் மறுபடி அழைக்க வேண்டும்."

— பாத்தியா. அவசியம்னு போட்டிருக்காரு. வேகம் குறைஞ்சுபோச்சாம், அது கெடக்கட்டும். மேல படி. ஏன் நிறுத்திட்ட?

— போதும்க்கா. மடிச்சு வெச்சுடலாம்.

— படிங்கறேன்.

— "மற்ற பெண்கள் என்ன பேசுகிறார்கள், எங்கே போகிறார்கள் என்பதை அவ்வப்போது நம்பகமாகத் தெரிவிக்கிறார். சென்ற வருடம் ஒருவரை உரிய நேரத்தில் திருப்பி அனுப்ப முடிந்தது இவரால்தான்."

— நீ மாத்திப் படிக்கற.

— நான் ஏன் மாத்தணும்?

— குடு இப்படி. கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன். இரு.

— மெதுவா.

— "இவரால்தான்."

— உக்காருக்கா.

— போன வருஷமும் அவருதான் எழுதிக் குடுத்தாரு. அதுக்கு முந்தின வருஷமும். எல்லாத்துலயும் இப்படித்தான் எழுதியிருப்பாரா?

— தெரியல.

— எடெல்மிரா படிச்சிருப்பா. கொன்சுவேலோவுக்கு அவ சித்தி மக. நான் துணி சுத்தி, வேர்வை படாம, என் மாருல வெச்சுக் கொண்டுபோய் அவ கையில குடுத்தேன். காப்பி வேணுமான்னுகூடக் கேக்கல அவ. நான் வெளில வந்து திமிரு பிடிச்ச கழுதைன்னு திட்டினேன். பொறாமைன்னு சொன்னேன். என் மகளுக்குக் கல்யாணம் வெச்சப்ப ஞானத்தாய் வரல, அதுக்கும் பொறாமைன்னு சொன்னேன்.

— தண்ணி குடி.

— அவரு என்கிட்ட சிரிச்சுப் பேசுவாரு, மௌரா. என் புள்ளைங்க பேரெல்லாம் கேப்பாரு. என் உழைப்புக்காகன்னு நெனச்சேன். அந்த நாய் பேச்சை நான் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

— விடுக்கா.

— விட முடியாது. மௌரா.

— ம்.

— பாய்லர் ரூம்ல துணி இல்ல. நேத்தே எடுத்து மடிச்சுட்டேன். நான் போனது அவனுக்குப் போன் பண்ண. செவப்பு வண்டி, காகிதம், எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க கோயில்ல இருக்கேன், சாப்பிட்டுட்டு வரேன்னான். எந்த நேரமும் வந்துடுவான். நீ பின்பக்கமா போயிடு. அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கற ஷெட்டு வழியாப் போனா ரோட்டுக்குப் போயிடலாம். அந்தம்மாவைக் கூப்பிட்டு வண்டியோட வரச் சொல்லு. போ, எந்திரி.

— போறதுக்கு வரலக்கா நான்.

— வெளாட்டு இல்ல இது. உன்னை இன்னைக்கே பெட்டி கட்டச் சொல்லுவான்.

— சொல்லணும். சத்தமா சொல்லணும். டாக்டர்கிட்ட போனா விமானம்னு, மிளகாய்க் கொட்டகையைப் பத்திப் பேசினா நீதான் குத்தவாளின்னு, அன்னைக்கு வேன்ல சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லணும். நீ போன் பண்ணுவன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் முக்குல இறங்காம கேட்டுல இறங்கினேன், உன் ஜன்னலுக்கு நேரா.

— என்ன சொல்ற?

— அந்தப் போன் சாகல. நீ பாய்லர் ரூமுக்குப் போனதுலருந்து பதிவு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு பேச்சுல நாம இருந்தா, அந்தப் பேச்சைப் பதிவு பண்ண இங்க தடையில்லன்னு க்ளேர் அம்மா சொன்னாங்க.

— என்னை வெச்சு வலை விரிச்சியா, பாவி?

— ஆமா. கையெழுத்துக் கேட்டதும் நெசந்தான், நீ போட்டிருந்தா அதை வாங்கிக்கிட்டு உடனே போயிருப்பேன். நீ போடமாட்டன்னு பயந்தேன். அதனால இதையும் செஞ்சேன். எனக்கு வேற வழி தெரியல.

— அப்ப நான் பேசினதும் அதுல இருக்கா? கொன்சுவேலோவைப் பத்தி நான் சொன்னது?

— இருக்கு. உறையைப் படிச்சதும் இருக்கு. வேண்டாம்னா சொல்லு, இப்பவே அழிச்சுடறேன். உன் முகத்தைப் பாத்தா எனக்கே அழிக்கணும்போல இருக்கு. ஆனா சீக்கிரம் சொல்லு. அவன் உள்ள வந்துட்டா என்னால அதைத் தொட முடியாது.

— வேன் திரும்பிடுச்சு.

— எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

— எனக்குக் கேக்குது. மூணாவது கொட்டகை கிட்ட வந்துட்டான். நிறுத்திட்டான். பனியில நடக்கறான்.

— அக்கா, அழிக்கட்டுமா?

— அவனை நான் இன்னைக்கு வரைக்கும் எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.

— நீ பேச வேண்டாம். போய்க் கட்டில்ல படுத்துக்கோ. இல்ல, போன் ஓடுதுன்னு அவன்கிட்ட சொல்லிடணும்னா சொல்லிடு. நான் தடுக்க மாட்டேன். அடுத்த வருஷமும் உன் பேரு லிஸ்டுல வரும்.

— அந்தக் கூடைத் துணியை இழுத்து அதுமேல கொஞ்சம் மூடு. முழுசா மூடாத, சத்தம் அமுங்கிடும்.

— அக்கா, நீ பேசினதும் அதுல இருக்கு.

— கெடக்கட்டும். கொன்சுவேலோ கேக்கட்டும்.

— ஒத்தீலியா. உள்ளதான இருக்கா அவ?

— வாங்க ஃப்ரீசன் ஐயா, இங்கதான் இருக்கா. இப்படி மேசைகிட்ட வந்து உக்காருங்க. இவகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க, ஆனா கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இந்தப் பனியில எனக்குக் காதே அடைச்சுப்போச்சு.